படகு வராத சனிக்கிழமை

மொத்தம் முப்பத்தொன்பது பேர்.
கிர்சியின் வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நாற்பது.
சேர்க்கலாமா கூடாதா என்று
கடையில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை.

நான் தபால் பிரிப்பவள்.
செவ்வாயும் வெள்ளியும் குட்டி விமானம் இறங்கும்போது
தீயணைப்பு வண்டியில்
தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருப்பவளும் நான்தான்.
பதினோரு வருடமாக எதுவும் தீப்பிடிக்கவில்லை.
அந்தச் சும்மா இருபது நிமிடத்தில்
ஸ்டியரிங்மேல் காகிதத்தை வைத்து ஆலாக்களை வரைவேன்.
நிற்காத பறவைகள்.
ஒன்றுக்காவது இரண்டாவது இறக்கை வாய்த்ததில்லை.

இங்கே ஆளுக்கு ஒரு வேலை போதாது.
லௌரி சாலை போடுவான், குழி தோண்டுவான்,
ராத்திரியில்
கரை ஒதுங்கிய வலை நூலால் பிராணிகள் பின்னுவான்.
மெர்ரனுக்குப் பள்ளியில் மூன்று பிள்ளைகள்,
மேட்டில் நூற்றிருபது ஆடுகள்,
குளியல் தொட்டி நிறையச் சாயத்தில் ஊறும் கம்பளி.
குளிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறாள்
துண்டோடு,
முழங்கை வரை மஞ்சளோடு.

ஆகஸ்டின் கடைசிச் சனி, கண்காட்சி.
கூடத்தில் பாட்மிண்டன் கோடுகளின் மேல் மேசை போட்டோம்.
வலையை அவிழ்க்க மறந்துவிட்டோம்;
அப்புறம் அதிலேயே
ஓஸ்லாவின் கையுறைகளைத் தொங்கவிட்டோம்.
பெரிய தீவிலிருந்து அறுபது பேர் வருவதாகப் பேச்சு.
அறுபது பேருக்கு ரொட்டி,
அறுபது பேருக்கு சூப்,
அறுபது பேரின் பணப்பையை மனதில் வைத்து
எழுதி அடித்து எழுதிய விலைச்சீட்டு.

ஒன்பதே காலுக்குப் படகோட்டி மான்சியின் தொலைபேசி:
"தென்கிழக்கு. எட்டு."
அவ்வளவுதான்.
பேச்சுக்கும் டீசல் கணக்குப் பார்ப்பவன்.

சூப் கொதித்துக்கொண்டிருந்தது.
ஜன்னலில் மழை பக்கவாட்டில் போனது.
மேசையைத் தூக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு
யாரும் நுழையாத முன்வாசல் வழியே
லௌரி வந்தான், தலை வாரி, கழுத்தில் டை கட்டி.
மெர்ரனின் விரிப்பை இரண்டு விரலால் தூக்கி
"அம்மணி, இது இயற்கைச் சாயமா?" என்றான்,
பெரிய தீவின் குரலில்.
சிரித்தோம்.
அப்புறம் ஒவ்வொருவராக வெளியே போய்
முன்வாசல் வழியே வந்தோம்.

குளிர்காலம் முழுக்க
அடுத்தவர் சமையலறை மேசையில்
பாதியாகக் கிடந்து பார்த்தவைதான் எல்லாம்.
பாத்திரம் நகர்த்தி, பூனை விரட்டி,
காப்பி வைக்க இடம் தேடியபோது பார்த்தவை.
இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தோம்.
ஓஸ்லாவின் கையுறையில்
கட்டைவிரல் மட்டும் வேறு நிறமாக இருப்பது
இருபது வருடத்தில் அன்றுதான் என் கண்ணில் பட்டது.
என் ஆலா ஒன்றுக்குப் பள்ளிப்பிள்ளை யாரோ
பென்சிலால் இறக்கை போட்டிருந்தது.
கொஞ்சம் பெரிய இறக்கை.
அழிக்கவில்லை.

எர்ட்டி வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.
ஒரு கல்சுவருக்காக
ஆறு வருடமாக லௌரியோடு பேச்சில்லை.
வந்தான். நீர்நாய் முன்னால் நின்றான்.
குனிந்தான்.
நீல நூலை நகத்தால் நெருடினான்.

"இது என் வலை."

சூப் அண்டாவின் சீறல் மட்டும் கேட்டது.
கிர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வாலில் மட்டும்," என்றான் லௌரி.

எர்ட்டி விலைச்சீட்டைப் படித்தான். நாற்பது பவுண்டு.
"வாலுக்குக் காசு தர மாட்டேன்."

"அப்போ முப்பத்தைந்து."

நோட்டுகளை மூன்று முறை எண்ணிக் கொடுத்து
நீர்நாயை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான்.
ஆறு வருடத்தில் அவர்கள் பேசியது அது.
அதற்குப் பிறகும் பேசவில்லை.

தலைக்கு ஒன்றரைக் கிண்ணம் சூப்.
மிச்சம் நாய்களுக்கு.

செவ்வாய்க்கிழமை காற்று அடங்கியது.
விமானத்திலிருந்து இரண்டு தபால் மூட்டை,
இன்சுலின் பெட்டி,
சிவப்புத் தொப்பியில் ஒரே ஒரு பயணி.
வண்டிக் கண்ணாடியைத் தட்டினார்:
"கண்காட்சி எங்கே?"

தலைக்கவசத்தைக் கழற்றினேன்.
"கலைந்துவிட்டது.
இனி வீடு வீடாகப் போக வேண்டும்.
முதலில் அந்தப் பச்சைக் கதவு; ஜன்னலிலேயே இருக்கிறது, நீர்நாய்.
போய்ப் பாருங்கள், தேநீர் தருவான்.
வாலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்."